உறை மாறிய மாதம்

நாரஹேன்பிட்டியில், நாலாம் மாடியில்,
சம்பளம் போடுகிறவள் நான்.
கீழே இரத்தம் எடுப்பார்கள், பிள்ளை பிறக்கும்,
யாரோ ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுவார்.
எனக்கு மேலே வந்து சேர்வதெல்லாம் எண்கள்,
டெட்டோல் மணம்கூட இல்லாமல்.

ஒக்டோபர் இருபத்தைந்து.
பொரளையில் பஸ் நின்றுபோய்
மழையில் நடந்து வந்து
ஈரக் கையோடு ஒட்டிய உறைகளில்
இரண்டு மாறிவிட்டன.

சத்திரசிகிச்சை நிபுணர் குகமூர்த்திக்கு
பிரதம நிறைவேற்று அதிகாரியின் சிட்டை.
அதிகாரி அபேநாயக்கவுக்கு
குகமூர்த்தியின் சிட்டை.

அபேநாயக்க பத்து நிமிடத்தில் அழைத்தார்.
குரல் உயர்த்தவில்லை. நல்ல மனிதர்,
என் மகளின் சாதாரண தரப் பெறுபேற்றை
ஞாபகம் வைத்துக் கேட்டவர்.
"ஒரு பூச்சியம் குறையுதே, மிஸ்" என்று சிரித்தார்.
பிறகு சிரிப்பு ஓய்ந்து,
"இது யாருடையது?"
சொன்னேன்.
"ஓ. அவருக்கு வெளியிலும் வருமே" என்றார்.

குகமூர்த்தி மூன்று நாள் வரவில்லை.
நாலாம் நாள், தியேட்டர் செருப்போடு ஏறி வந்து
பிரித்த உறையை என் மேசையில் வைத்தார்.
அதன் மேல் ஒரு தேநீர்க் கோப்பையின் வட்டம்.
ஏசுவார் என்று நினைத்து
மன்னிப்புச் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன்.
அவர் கேட்டது வேறு.
"செயல்திறன் ஊக்கம் எண்டு ஒரு வரி கிடக்கு.
அது எதுக்கு?"

கட்டில்கள் நிரம்பினால், என்றேன்.
எண்பத்தைந்து வீதத்துக்கு மேல்.

"ஒருத்தரை நான் ரெண்டு நாள் முந்தி
வீட்டுக்கு அனுப்பினால்?"

அதுக்கு வரி இல்லை, டொக்டர்.

பேஸ்லைன் வீதியில் வாகனங்கள்
ஒன்றையொன்று தள்ளாமல் தள்ளிக்கொண்டிருந்தன.
"போன வெள்ளி மட்டும் எனக்குக் காணும்.
வீட்டுக் கடன், மகன்ர மெல்பேர்ண் செலவு,
எல்லாம் போகவும் காணும்.
இப்ப காணாது.
ஒரு சதம் குறையேல்லை. என்ன நடந்தது?"

நான் என்ன சொல்ல?
பதினொரு வருடமாக இரண்டு எண்களையும் தட்டுகிறேன்.
அதே தாளில், வெகு கீழே, என்னுடையதையும்.
ஒட்சிசன் சிலிண்டர் தள்ளும் மொஹிதீனுடையது
எனக்கும் கீழே.
அவருக்கு மூன்று நாளில் வந்தது
எனக்கு முதல் மாதமே வந்து போனது.
போனது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜனவரியில் என் கழுத்தில் ஒரு கட்டி.
ஊழியர் கழிவு போக மிச்சத்தைச் செலுத்தி
அவரையே சனல் பண்ணினேன். முப்பத்தெட்டாம் நம்பர்.
இரவு ஒன்பதே முக்கால்.
ஆளுக்கு நாலு நிமிடம்:
அது நான் போட்ட கணக்கு,
அப்படிப் பெருக்கினால்தான் அவருடைய மாதம் வரும்.

விரல்கள் கழுத்தில் நின்றன.
நாலு போயிற்று. ஆறு.
விழுங்கச் சொன்னார். இன்னொருதரம் விழுங்கச் சொன்னார்.
கதவுக்கு வெளியே நாற்பதாம் நம்பர் இருமியது.
ஒன்பதாவது நிமிடத்தில்
வெட்டத் தேவையில்லை என்றார்,
ஆறு மாதம் விட்டு வாங்கோ என்றார்.

வெட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவு என்று
எனக்குத் தெரியும், சதம் வரைக்கும்.
எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.
மேசை விளக்கை அவர் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

எழும்பும்போது கேட்டேன்:
இப்ப காணுமோ, டொக்டர்?

"இல்லை," என்றார், அடுத்த காட்டை எடுத்தபடி.
"கூட்டித் தரச் சொல்லிக் கடிதம் குடுத்திருக்கிறன்.
உங்கட மேசைக்கு வரும்."

வந்தது. ஒரு பக்கம், வணக்கம்கூட இல்லை.
அதே கிளிப்பில் என் கடிதத்தையும் செருகி
மேலே அனுப்பினேன்.

லிப்டில் மொஹிதீனைக் கேட்டேன், நீங்களும் எழுதுங்களேன் என்று.
சிலிண்டரை ஒரு கையால் பிடித்தபடி
யோசிச்சுச் சொல்லுறன், மிஸ், என்றார்.
மூன்றாம் மாடியில் கதவு திறந்தது.